எங்களைத் தவிட்டுக்கு வாங்கியவர்

நான் பார்த்த மனிதர்களிலேயே கூசாமல் பொய் சொல்லக்கூடியவர் அவர்தான். கோபத்தில் சொல்லவில்லை. ஜப்பான் காலத்தில் ஜெலுத்தோங்கில் ஓலை வேய்ந்த எங்கள் அத்தாப்பு வீட்டு வரிசையில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவருடைய பொய்யால் பிழைத்தவர்கள். அந்தப் பாதியில் நானும் ஒருத்தி.

யாழ்ப்பாணத்தம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். சொந்தப் பெயரை யாரும் கேட்டதாக நினைவில்லை. கணவர் கிராணி, ஆபீஸில் எழுத்து வேலை பார்த்துச் செத்துப் போனவர். பிள்ளை குட்டி இல்லை. இவர் ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தாராம். ஜப்பான் சண்டை வந்து வேலையும் போய், குடியிருந்த ஓட்டு வீடும் போனதும், எங்கள் வரிசையில் கடைசி அறைக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். மூட்டை தூக்குகிறவர்களும் ரோடு கூட்டுகிறவர்களும் இருந்த இடம் அது. கிராணி வீட்டு அம்மா நம்மோடு எத்தனை நாள் தாங்குவார் என்று பெண்கள் சிரித்தார்கள். அவர் வந்த இரண்டாம் நாளே எங்கள் கால்களைப் பிடித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

உண்மையாகவே கால்களைத்தான். எந்தப் பிள்ளை எதிரே வந்தாலும் நிறுத்தி, குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். விரலை எடுத்த பிறகு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். அடுத்து, "குந்தி எழும்பு பாப்பம், கை ஊண்டாமல்" என்பார். குந்தி எழுந்தால் விட்டுவிடுவார். இது என்ன கூத்து என்று ஒரு பெண் கேட்டதற்கு, யாழ்ப்பாணத்தில் கையில் ரேகை பார்ப்பதில்லை, காலில்தான் பார்ப்பார்கள் என்று சொன்னார். முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை. அன்றிலிருந்து தாய்மாரே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினார்கள்.

தண்ணீர்க் கதை இன்னும் மோசம். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். விறகுக்கு அலைகிற காலத்தில் யார் கேட்பார்கள்? இரண்டு பிள்ளைகள் வயிற்றாலே போய்ச் செத்தன. மறு வாரம் வரிசை முழுக்க ஒரு பேச்சு பரவியது, ஜப்பான்காரன் குழாயில் மருந்து கலக்கிறான், கொதிக்க வைத்தால்தான் அது முறியும் என்று. எல்லா அடுப்பிலும் தண்ணீர் கொதித்தது. பக்கத்து அறைக்காரர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், அவருக்கு மட்டும் இது எங்கிருந்து கிளம்பியது என்று புரிந்துவிட்டது.

"அம்மா, இது அவன் காதுல விழுந்தா தலைய எடுத்துருவான் லா," என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"ஆறு மாசமாக் கொதிக்க வையுங்கோ, கொதிக்க வையுங்கோ எண்டு சொன்னனான். ஒருத்தர் கேட்டவையோ?" என்றார் யாழ்ப்பாணத்தம்மா. "இப்ப பாருங்கோ, எல்லாரும் கொதிக்க வைக்கினம்."

இன்னொரு நாள் என் அம்மாவிடம் அவர் சொன்னது இது: "ஆசுப்பத்திரியிலை இருவது வரியம் உண்மை சொன்னனான், தங்கச்சி. பிள்ளைக்கு இன்ன வருத்தம், இன்னது குடுக்காட்டில் தங்காது எண்டு. உண்மையைக் கேட்ட தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போவாள். பயத்திலை ஓடுவாள். பிறகு பிள்ளை வீட்டிலை கிடந்து சாகும். தாய்மாருக்கு அவை நம்புறதைத்தான் சொல்ல வேணும்."

அம்மா தலையாட்டினாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த நாளில் எங்களைப் பிடித்த வியாதி பசியோடு சேர்ந்தது. மரவள்ளிக்கிழங்கு காலையிலும் மரவள்ளிக்கிழங்கு மாலையிலும். சில பிள்ளைகள் வற்றி, கால் மரத்து, நடந்தால் தள்ளாடினார்கள். சிலருக்குக் காலும் முகமும் வீங்கியது. எல்லாவற்றுக்கும் மருந்து அரிசித் தவிட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் தவிட்டைக் கொண்டுபோய் நீட்டினால் எந்தத் தாய் வாங்குவாள்?

"மாட்டுக்கும் கோழிக்கும் போடுறத எம்புள்ளைக்கா குடுக்கச் சொல்றீங்க? அந்த அளவுக்கா போயிட்டோம்?" என்று ஒருத்தி அவர் முகத்துக்கு நேரே கேட்டாள். கஷ்டப்பட்டுக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு மிச்சமிருந்தது அந்த ரோஷம் ஒன்றுதான். அதையும் விடு என்றால் விடுவார்களா?

அப்போதுதான் அவர் எங்கள் ஜனங்களின் வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொண்டார். பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வாசலில் முறத்தில் பிள்ளையை உட்கார வைத்து, வாங்குகிறவள் ஓர் அளவு தவிட்டைக் கொடுக்க, பெற்றவள் "வித்துட்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளை பெற்றவளிடமே வளரும். ஆனால் அவளுடையது இல்லை. அவளுக்கு வரவேண்டிய கேடு இந்தப் பிள்ளையைத் தேடி வராது. பின்னால் பிள்ளை தேறியதும் அதே தவிட்டைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். ஊரில் என்றால் அத்தை வாங்குவாள், எதிர்வீட்டுக்காரி வாங்குவாள். இங்கே கப்பலேறித் தனித்தனியாக வந்தவர்களுக்கு அத்தை ஏது?

"நான் வாங்குறன்," என்றார் அவர்.

வாங்கினார். வரிசையின் நடுவில் நின்று, ஈரத்தலையோடு, நெற்றி நிறையத் திருநீற்றோடு, கோயில் ஐயரே தோற்றுப்போகிற மாதிரி வாங்கினார். பால் டின்னில் குவித்து அளந்து கொடுத்தார். கூடவே தன் சொந்தச் சரக்கு ஒன்றையும் சேர்த்தார். விலையாகக் கொடுத்த தவிட்டை அந்தப் பிள்ளையேதான் தின்று தீர்க்க வேண்டும், வேறு வாயில் ஒரு சிட்டிகை போனாலும் விற்றது செல்லாது, தீர்ந்தால் வந்து இன்னொரு டின் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

"இது எந்த ஊர் வழக்கம்மா? நாங்க கேட்டதே இல்லையே," என்றாள் கிழவி ஒருத்தி.

"எங்கடை ஊர் வழக்கம்."

யாழ்ப்பாணத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வர யாரால் முடியும்? மாட்டுத் தீனி என்று காறித் துப்பிய அதே பெண்கள், பிள்ளையின் விலை என்றதும் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். வறுத்துத் தேங்காய்ப்பூ போட்டு உருட்டித் தின்னக் கொடுத்தார்கள். "உங்க புள்ளைங்க எல்லாத்துக்கும் ரேஷன் எழுதினா ஜப்பான்காரனுக்கே அரிசி பத்தாது லா," என்று கேலியும் செய்தார்கள். அவர் சிரிக்காமல் அடுத்த பிள்ளையின் காலைப் பிடித்தார்.

என்னை விற்றபோது எனக்கு எட்டு வயது. குந்தினால் எழ முடியாமல் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றேன். காலைப் பார்த்த அவர் அம்மாவிடம், ரேகை நன்றாக இல்லை, பெற்றவள் கையில் இது நிற்காது என்று சொன்னார். அம்மா அன்றே என்னை முறத்தில் உட்கார வைத்தாள். என் இடுப்பு முறத்தில் அடங்கவில்லை, பாதிதான் உட்கார்ந்தேன். "வித்துட்டேன்" என்று சொல்லும்போது அம்மாவின் குரல் உடைந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு பையன்கள் என்னைத் தவிடு என்று கூப்பிட்டார்கள். அந்த உருண்டை தொண்டையில் அறுத்துக்கொண்டு இறங்கும். அழுதுகொண்டே தின்றேன். ஒன்றரை மாதத்தில் கை ஊன்றாமல் எழுந்தேன்.

தவிடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவிலிருந்து படகில் அக்கரைக்குப் போய், அங்கிருந்து கெப்பாலா பத்தாஸ் வரை, லோரி கிடைத்தால் லோரியில், இல்லாவிட்டால் நடந்து போவார். அங்கே வயல்காட்டு மலாய்ப் பெண்கள் உரலில் நெல் குத்துவார்கள். துணிக்குப் பஞ்சம் வந்த காலம். புருஷன் செத்த பிறகு தான் உடுத்தாத சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஒவ்வொரு சாக்குத் தவிடு கொண்டுவருவார். துறையில் காவல் நிற்கிற சிப்பாய் கேட்டால் கோழிக்கு என்பார். அரிசி கடத்தினால் உயிர் போகும், தவிட்டை யாரும் கண்டுகொள்வதில்லை.

இனி தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவனுக்கு நான்கு வயது. அப்பா துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். சாக்குத் தையலில் சிந்துகிற அரிசியை இடுப்பு வேட்டி மடிப்பில் கொண்டுவருவார். நன்றாகத் தீட்டிய, வெள்ளை வெளேரென்ற அரிசி. ஒரு கைப்பிடிதான் இருக்கும். அம்மா அதைக் கழுவிக் கழுவி, வடித்து, கஞ்சியைக் கொட்டிவிட்டுத் தம்பிக்கு மட்டும் ஊட்டுவாள். எனக்குக் கிழங்கும் தவிடும். நான் பொறாமையில் வெந்தேன், மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. ஊரே வற்றிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் கன்னம் உப்பி, கால் உருண்டு, பளபளவென்று ஆனான். "எம்புள்ள தேறிட்டான்," என்று அம்மா எங்கள் காதோடு மட்டும் சொல்வாள். வெளியே யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவனை வாசலுக்கே விடவில்லை. கன்னத்தில் கருப்புப் பொட்டு. கால் ரேகை பார்க்கவும் கொண்டுபோகவில்லை. தேறிய பிள்ளைக்கு என்ன ரேகை?

அரிசியைத் தீட்டும்போது போவதுதான் அந்த மருந்து என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் இருந்ததிலேயே உயர்ந்ததை அவனுக்குக் கொடுத்தாள் அம்மா.

ஒரு நாள் மத்தியானம் யாழ்ப்பாணத்தம்மா கெப்பாலா பத்தாஸிலிருந்து திரும்பி, எனக்குரிய டின் தவிட்டைக் கொடுக்க நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். டிரங்குப் பெட்டியில் கடைசியாக இருந்த கூறைச்சேலையைக் கொடுத்துவிட்டு வந்த நாள் அது. துறையில் புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் சாக்கில் அரிசி ஒளித்திருக்கிறதா என்று பார்க்கப் பலகை மேல் அத்தனையையும் கவிழ்த்துவிட்டானாம். வெயிலில் மண்டியிட்டு, பலகை இடுக்கிலிருந்து தவிட்டைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டு வந்திருந்தார். இவையெல்லாம் பிறகு தெரிந்தவை. அன்று நாங்கள் பார்த்தது தலைமுடியிலும் இமையிலும் தவிடு ஒட்டிய ஒரு பெண்ணைத்தான். அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். தம்பி அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்து வந்தான். இரண்டு எட்டு வைத்ததும் மூச்சு வாங்கியது.

அவர் சாக்கை இறக்கவில்லை. தோளில் சாக்கோடு குனிந்து அவன் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. நானும் அதைப் பார்த்தேன். நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

அம்மா தண்ணீர்க் குவளையோடு வந்தாள்.

"இது சதை இல்லைப் பிள்ளை, நீர்," என்றார் அவர். "நெஞ்சுக்கு ஏறீட்டுது. வெள்ளைச் சோத்தை நிப்பாட்டு. இப்பிடியே விட்டால் இவன் இந்த மாசம் தாண்டான்."

ரேகை இல்லை, ஊர் வழக்கம் இல்லை, சாமி இல்லை. டாக்டர் சொல்கிற மாதிரி சொன்னார்.

அம்மாவின் கையிலிருந்த குவளை விழுந்தது. தம்பியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "பாவி! பச்சப் புள்ளயப் பாத்து என்னா வார்த்த சொன்ன! தேறின புள்ளயப் பாத்தா ஒனக்கு வயிறு எரியுதா? பெத்திருந்தாத்தான தெரியும்! போ வெளிய!" என்று கத்தினாள். அக்கா என்று கூப்பிடுகிறவள் ஒருமையில் கத்தியதை வரிசையே கேட்டது.

அவருக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "இல்லைத் தங்கச்சி, கேளு, கண்ணூறுதான், கண்ணூறுதான் பட்டிருக்குது, அவனையும் எனக்கு வித்துவிடு," என்று அவசர அவசரமாகத் தொடங்கினார். அம்மா கதவைச் சாத்தினாள்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மாரியாத்தாள் கனவில் வந்தாள் என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னார். வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டார். அடுத்த வீட்டுப் பெண்களைத் தூது விட்டார். அத்தனை பேரையும் நம்பவைத்த வாய், இந்த ஒரு கதவில் எடுபடவில்லை. நான் என் உருண்டையில் பாதியைத் தம்பி வாயில் திணித்தேன். துப்பிவிட்டான். அம்மா பார்த்துவிட்டு என்னை அடித்தாள். "அது வித்த புள்ளயோட சாப்பாடு, அவனுக்கு எதுக்கு?" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை தம்பி சோற்றை வேண்டாம் என்றான். குரல் எழும்பவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அம்மா பின்னால் ஓடினாள், நான் அம்மாவுக்குப் பின்னால். மார்க்கெட்டுக்கு முன்னால் அப்பா ஓட்டத்தை நிறுத்தி நடக்கத் தொடங்கினார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

புதைக்கக் கொண்டுபோனபோது யாழ்ப்பாணத்தம்மா தன் அறை வாசலில் நின்றார். கிட்டே வரவில்லை. அம்மாவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஆனால் என் தவிடு நிற்கவில்லை. டின் தீர்ந்தால் அம்மா என்னிடம் கொடுத்து அனுப்புவாள், அவர் நிரப்பித் தருவார். அம்மா உருட்டி, நான் கடைசித் துணுக்கை விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். யாராவது "உம்பொண்ணு நல்லாயிருக்காளே" என்றால், "அவ எம்பொண்ணு இல்ல, கடைசி அறைக்காரங்க பொண்ணு," என்று வெடுக்கென்று சொல்வாள். எனக்கு நல்லது என்றுதான் சொல்கிறாள் என்று தெரியும். கேட்கிற ஒவ்வொரு தடவையும் வலித்தது.

அவர் மற்ற பிள்ளைகளின் காலை அழுத்துவதை நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகமாகப் பொய் சொன்னார். சேலை தீர்ந்துவிட்டதால் பாத்திரங்களைக் கொண்டுபோனார்.

ஜப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரன் திரும்பி, கடைகளில் அரிசி வந்தது. மற்றத் தாய்மார் ஒவ்வொருத்தராகப் பிள்ளைகளை மீட்டார்கள். அம்மா மட்டும் நாளைக் கடத்திக்கொண்டே வந்தாள். அவர் ஊருக்குக் கப்பலேறப் போகிறார் என்று கேள்விப்பட்ட பிறகுதான், ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு மில்லில் தவிடு வாங்கிவந்து, டின்னில் குவித்து, என்னையும் கூட்டிக்கொண்டு கடைசி அறைக்குப் போனாள். அறையில் டிரங்குப் பெட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அம்மா டின்னை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என் முதுகைத் தொட்டு அம்மா பக்கம் மெல்லத் தள்ளினார். "இந்தா, உன்ரை பிள்ளை," என்றார். அவ்வளவுதான் சடங்கு. முடிந்துவிட்டது.

அம்மா போகவில்லை.

"எல்லார்கிட்டயும் பொய் சொன்னீங்களே," என்றாள். குரலில் சண்டை இல்லை. "கால் ரேகைன்னீங்க, ஊர் வழக்கம்னீங்க, கொழாயில மருந்துன்னீங்க. எல்லாந் தெரியும் எனக்கு, அப்புறமாத் தெரிஞ்சிக்கிட்டேன். எங்கிட்ட மட்டும் ஏங்க்கா உண்மையச் சொன்னீங்க? அன்னைக்கும் ஒரு பொய்யச் சொல்லியிருந்தா, எம்புள்ளய முறத்துல வச்சிருப்பேனே."

அவர் ஏதாவது சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்தேன். விதி என்று சொல்லலாம், சாமி கேட்டது என்று சொல்லலாம், அவன் எப்படியும் தங்கியிருக்க மாட்டான் என்று சொல்லலாம். அம்மாவும் எதையாவது நம்பத் தயாராகத்தான் நின்றாள். அவரிடம் இல்லாத பொய்யா?

"அண்டைக்கு எனக்குக் களைச்சுப் போச்சுது, தங்கச்சி," என்றார் அவர். "யோசிச்சுச் சொல்ல ஏலாமல் களைச்சுப் போச்சுது. வேறை ஒண்டும் இல்லை."

அம்மா அடிப்பாள் என்று பயந்தேன். கத்துவாள் என்று பயந்தேன். அவள், "எனக்கும்தாங்க்கா, அன்னைக்கு," என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் சாய்ந்துகொண்டு வந்தது, எனக்குப் பசித்தது. வீட்டுக்குப் போகலாம் என்று அந்த இருவரில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றேன்.